பனி விழுந்த கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்தில் ஒரு பகல் நடை

கேள்வி இதுதான்: மான்செஸ்டரில் படிக்கும் நான்கு நண்பர்கள், ஜனவரியில் பனி விழுந்ததும் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியின் ஈடேல் கிராமத்திலிருந்து கிண்டர் ஸ்கவுட் மேலே ஏறி, மேட்டுநிலத்தைக் குறுக்காகக் கடந்து, அன்றே ரயிலில் திரும்ப நினைக்கிறார்கள். வெள்ளியங்கிரியின் ஏழு மலையையும் ஏறி இறங்கியவர்கள், ஆனால் நால்வரில் ஒருவருக்கும் காம்பஸ் பழக்கம் இல்லை. கிண்டரின் உயரம் 636 மீட்டர்தானே, காலில் பலம் இருக்கிறதே, வேறு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள்.

போகலாம். போகத்தான் வேண்டும் என்றே சொல்வேன். பனி போர்த்திய கிண்டருக்கு இணையான ஒரு பகல் நடை இங்கிலாந்தில் எனக்குத் தெரிந்து மிகக் குறைவு. ஆனால் உயரத்தை வைத்து இந்த மலையை எடை போடாதீர்கள். வெள்ளியங்கிரியில் கஷ்டமெல்லாம் ஏற்றத்தில் இருக்கிறது. பாதை ஒன்றுதான், முன்னாலும் பின்னாலும் ஆட்கள் இருப்பார்கள், எந்தப் பக்கம் போவது என்ற கேள்வியே வராது. கிண்டரில் ஏற்றம் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். கஷ்டம் அதற்கு அப்புறம்தான் தொடங்கும். மேலே சிகரம் என்று எதுவும் கிடையாது. பல கிலோமீட்டர் அகலத்துக்குத் தட்டையான நிலம். அதன் மிக உயரமான 636 மீட்டர் இடத்தில் நின்றாலும், நிற்கிறோம் என்று கண்ணுக்குத் தெரியாது. அடையாளம் எதுவும் இல்லாத அந்தத் தட்டையில், மேகம் இறங்கிய நேரத்தில், பனியின் மேல் சரியான திசையில் நடப்பதுதான் இந்த மலை வைக்கும் பரீட்சை. கால் பலம் அதில் பாதி மதிப்பெண்கூட வாங்கித் தராது.

முதலில் அந்த நிலம் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

அடியில் இருப்பது மில்ஸ்டோன் கிரிட் என்ற கரடுமுரடான மணற்பாறை. 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு ஒரு பெரிய ஆற்றின் முகத்துவாரத்தில் படிந்த மணல் அது. பெயருக்கேற்றபடி அதில் ஆலைக்கல் வெட்டினார்கள். இந்தப் பாறை படுக்கைவசமாகக் கிடப்பதால்தான் மேல்பகுதி தட்டையாகவும், ஓரங்கள் செங்குத்தாகவும் இருக்கின்றன. பாறைக்கு மேலே பீட் என்ற கருப்பு மண். முழுதும் மக்காத பாசியும் புல்லும் பல ஆயிரம் ஆண்டுகளாக நீரில் ஊறிச் சேர்ந்தது. ஒரு மீட்டர் சேர ஆயிரம் ஆண்டு ஆகலாம். கிண்டரில் பல இடங்களில் அது ஆள் உயரத்துக்கு மேல் இருக்கிறது. இந்தப் பீட்டை மழைநீர் அரித்து அரித்து, மேட்டுநிலம் முழுவதும் வாய்க்கால்களாக வெட்டிப் போட்டிருக்கிறது. உள்ளூரில் அவற்றை 'கிரஃப்' என்பார்கள். வற்றிய ஏரியின் தரை வெடித்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே மாதிரிதான், ஒவ்வொரு வெடிப்பும் இரண்டு மூன்று மீட்டர் ஆழம் என்பது மட்டும் வித்தியாசம். இறங்கினால் சுவர்தான் தெரியும். ஏறினால் அடுத்த வாய்க்கால் தெரியும். எதுவும் நேராக ஓடாது. ஒரு வாய்க்காலுக்குள் ஐந்து நிமிடம் நடந்து வெளியே வந்தால் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது மறந்துபோகும்.

பனி இதை இன்னும் சிக்கலாக்குகிறது. காற்று அடித்துக்கொண்டு வரும் பனி முதலில் நிரப்புவது இந்த வாய்க்கால்களைத்தான். மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே வெள்ளைத் தரை. கால் வைத்தால் முழங்கால் வரைக்கும் போகலாம், இடுப்பு வரைக்கும் போகலாம். அதன் அடியில் தண்ணீரும் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் 'பனி விழுந்ததும் போகலாம்' என்ற உங்கள் திட்டத்தில் ஒரு சின்னத் திருத்தம். பனி எப்போது விழுந்தது என்பதை விட, அதற்கு முன்னால் என்ன வானிலை இருந்தது என்று பாருங்கள். ஊறிப்போன பீட் மேல் நேரடியாகப் பனி விழுந்தால் அது கம்பளி போர்த்தியது போலாகி, கீழே மண் உறையவே உறையாது. ஒவ்வொரு அடியும் பனியைத் துளைத்துச் சேற்றில் இறங்கும். நான்கு நாள் தெளிவான வானமும் கடும் உறைபனியும் இருந்து, பீட் கல்லாக இறுகி, அதன் மேல் ஒரு சாண் பனி விழுந்ததென்றால் கதையே வேறு. கோடையில் சேறாக இழுக்கும் இடமெல்லாம் பாளம் மாதிரி தாங்கும். அந்த மாதிரி நாட்கள் ஒரு குளிர்காலத்தில் சிலவே கிடைக்கும். அட்லாண்டிக்கிலிருந்து ஈரமான மேற்குக் காற்று திரும்பியதும் எல்லாம் கரைந்துவிடும். ஆகவே தேதியை முன்கூட்டி முடிவு செய்யாமல், தயாராக இருந்துகொண்டு நாளுக்காகக் காத்திருங்கள்.

வானிலைக்கு, தொலைபேசியில் வரும் மான்செஸ்டர் நகர நிலவரம் உதவாது. பிரிட்டனின் வானிலைத் துறையான மெட் ஆஃபிஸ் மலைப்பகுதிகளுக்கென்று தனி முன்னறிவிப்பு தருகிறது, பீக் டிஸ்ட்ரிக்ட்டுக்கு ஒன்று உண்டு. அதில் மூன்று விஷயம் பாருங்கள்: மேலே காற்றின் வேகம், மேகத்தின் அடிமட்டம், உறைநிலை எந்த உயரத்தில் என்பது. கீழே ஈடேலில் இருப்பதைவிட மேலே இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருக்கும், அது பெரிய விஷயமே இல்லை. காற்றுதான் பெரிய விஷயம். மைனஸ் 2 டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று அடித்தால், திறந்த தோலுக்கு அது மைனஸ் 10 போல. மேட்டுநிலத்தில் ஒதுங்க மரம் ஒன்றுகூட இல்லை. மேகத்தின் அடி 600 மீட்டருக்குக் கீழே என்று போட்டிருந்தால், குறுக்கே கடக்கும் எண்ணத்தை அன்றைக்கு விட்டுவிடுங்கள். விளிம்புப் பாதையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்தது வெளிச்சம். நடு ஜனவரியில் சூரியன் காலை 8.15ஐ ஒட்டி உதித்து, மாலை 4.20ஐ ஒட்டி மறைந்துவிடும். கையில் இருப்பது எட்டு மணி நேரம். நான் சொல்லப்போகும் சுற்று சுமார் 16 கிலோமீட்டர், ஏற்றம் ஏறக்குறைய 450 முதல் 500 மீட்டர். வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் ஒரு கணக்குச் சொன்னார், இன்றைக்கும் எல்லாரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி. அப்படிப் பார்த்தால் நான்கு மணி நேரம் வரும். பனியில் அதை ஒன்றரை மடங்காக்குங்கள், ஆழமான பனி என்றால் இரண்டு மடங்கு. சாப்பாடு, மேப் பார்ப்பது, போட்டோ எல்லாம் சேர்த்தால் எட்டு மணி நேரமும் போய்விடும். ஆகவே எட்டரைக்காவது ஈடேல் நிலையத்திலிருந்து கால் நகர வேண்டும். மான்செஸ்டரிலிருந்து ரயில் முக்கால் மணி நேரத்துக்குள் கொண்டுவந்து விடும். கடைசியில் கௌபர்ன் சுரங்கம் வரும், மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளம். அந்தப் பக்கம் வெறும் மழையாக இருந்து, சுரங்கம் தாண்டியதும் பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளையாகக் கிடக்கும் நாளில், பெட்டியில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்புவார்கள்.

இனி பாதை. ஈடேலிலிருந்து மேற்கே வயல்களின் குறுக்காக அப்பர் பூத் என்ற சிறு குடியிருப்பு வரை போங்கள். இது பெனைன் வே. ஈடேலில் தொடங்கி ஸ்காட்லாந்து எல்லை தாண்டி கிர்க் யெத்தம் வரை 268 மைல் போகும் நெடும்பாதை, 1965இல் திறந்தது. அப்பர் பூத் தாண்டி ஓடையின் மேல் ஒரு சின்னக் கல் பாலம் வரும். முன்பு சுமை ஏற்றிய குதிரைகள் கடந்த பாலம். அங்கிருந்து ஜேக்கப்ஸ் லேடர் என்ற கற்படிகள் தொடங்கும். பலர் நடந்து நடந்து பனி அழுந்திப் பளிங்காகும் இடம் இதுதான். இங்கேயே மைக்ரோஸ்பைக்கை மாட்டிக்கொள்ளுங்கள், வழுக்கி விழுந்த பிறகு மாட்டுவதில் பயனில்லை. ஷூவின் மேல் ரப்பரோடு இழுத்து மாட்டும் சின்ன இரும்புப் பற்கள்தான் அவை, கிண்டரின் சாதாரணப் பாதைகளுக்குப் போதும். பெரிய பற்கள் உள்ள கிராம்பானும் பனிக்கோடரியான ஐஸ் ஆக்ஸும் வேண்டியது செங்குத்தான ஓடை வழிகளில் ஏறுபவர்களுக்கு.

படி முடிந்து வடக்கே திரும்பி ஏறினால் பாறைகள் வரும், அப்புறம் கிண்டர் லோ. 633 மீட்டரில் ஒரு வெள்ளைக் கற்தூண், நில அளவைக்காக வைத்தது. தெளிவான நாளில் சுலபமாகத் தெரியும். மூட்டமான நாளில், பனியில் வெள்ளைத் தூணைத் தேடுவது எப்படியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இதுதான் உங்கள் முதல் சோதனைச்சாவடி. பதினொரு மணிக்குள் இங்கே வந்திருந்தால் நாள் உங்கள் கையில் இருக்கிறது. பன்னிரண்டு தாண்டிவிட்டதென்றால் சுற்றைச் சுருக்குங்கள்.

கிண்டர் லோவிலிருந்து மேற்கு விளிம்போடு வடக்கே இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல் நடந்தால் கிண்டர் டவுன்ஃபால். இடது பக்கம் நிலம் சட்டென்று விழும், கீழே கிண்டர் நீர்த்தேக்கம், அதற்கப்பால் ஹேஃபீல்ட் கிராமம், தெளிவான நாளில் மான்செஸ்டர் கட்டடங்கள் வரை தெரியும். விளிம்பு ஒரு கைப்பிடி மாதிரி உதவும்: அதை இடதுபக்கம் வைத்துக்கொண்டே போனால் வழி தவறாது. ஆனால் நெருங்கிப் போகாதீர்கள். கிழக்குக் காற்றோடு வந்த பனி என்றால், இந்த மேற்கு விளிம்பில் பனி திரண்டு பாறைக்கு வெளியே அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும். மேலிருந்து பார்த்தால் அது தரை மாதிரியே இருக்கும். விளிம்பிலிருந்து சில மீட்டர் உள்ளே தள்ளியே நடங்கள், போட்டோவுக்காக யாரையும் ஓரத்துக்கு அனுப்பாதீர்கள்.

இந்த விளிம்பில் நிற்கும்போது கீழே ஹேஃபீல்ட் பக்கம் ஒரு முறை நின்று பாருங்கள். 1932 ஏப்ரல் 24 அன்று, அங்கிருந்துதான் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் தடையை மீறிக் கிண்டர் மேல் ஏறினார்கள். பெரும்பாலும் மான்செஸ்டர் வட்டாரத் தொழிலாளர்கள். அப்போது இந்த மேட்டுநிலம் முழுக்கப் பெருநிலக்கிழார்களின் வேட்டைக்காடு. சில நாட்கள் கௌதாரி இனப் பறவையைச் சுடுவதற்காக ஆண்டு முழுவதும் மற்றவர்களுக்கு மூடி வைத்திருந்தார்கள். காவலாட்களோடு கைகலப்பு நடந்தது. முன்னின்று அழைத்துப்போன பென்னி ராத்மன் என்பவருக்கு அப்போது வயது 20. ஐந்து பேருக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை. அந்தத் தண்டனைதான் நாடு முழுக்கக் கோபத்தைக் கிளப்பியது. பின்னால் 1949இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது, 1951இல் பீக் டிஸ்ட்ரிக்ட் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவானது, 2000இல் வந்த சட்டம் திறந்த மேட்டுநிலங்களில் நடந்துபோகும் உரிமையை எல்லாருக்கும் கொடுத்தது. மாணவர் விசாவில் வந்திருக்கும் நீங்கள் யாரிடமும் அனுமதி கேட்காமல், கட்டணம் கட்டாமல், பாதையை விட்டு விலகியும் இங்கே நடக்க முடிவது அவர்களால்தான். அந்த இளைஞர்களுக்கும் உங்களுக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

டவுன்ஃபால் சுமார் 30 மீட்டர் உயர அருவி, பீக் டிஸ்ட்ரிக்ட்டிலேயே உயரமானது. பலமான மேற்குக் காற்றில் விழும் தண்ணீர் திரும்ப மேலேயே பறக்கும். கடும் குளிர் பல நாள் நீடித்தால் அப்படியே உறைந்து தூண் தூணாகத் தொங்கும், பனியேற்றக்காரர்கள் கோடரியோடு வந்துவிடுவார்கள். சாப்பாட்டுக்கு இங்கே நிற்கலாம், ஆனால் விளிம்பில் வேண்டாம். ஆற்றுப்படுகையில் கொஞ்சம் உள்ளே வந்தால் பாறைகளின் மறைவு கிடைக்கும்.

இங்கேதான் முடிவெடுக்க வேண்டும். மேகம் இல்லை, மணி பன்னிரண்டரைக்குள், நான்கு பேரும் நன்றாக இருக்கிறார்கள் என்றால் குறுக்கே கடக்கலாம். இதில் ஒன்று குறைந்தாலும் வந்த வழியே திரும்புங்கள். உங்கள் காலடித் தடமே வழி காட்டும் என்று மட்டும் நம்பாதீர்கள், காற்று அடித்தால் பதினைந்து நிமிடத்தில் மூடிவிடும்.

கடக்கும் பகுதி இப்படி: டவுன்ஃபாலுக்கு மேலே கிண்டர் ஆற்றின் படுகையிலேயே ஏறிப் போனால், கொஞ்ச தூரத்தில் இரு கரையிலும் பாறைகள் வாசற்படி நிலைகள் போல நிற்கும். அதுதான் கிண்டர் கேட்ஸ். அதுவரை ஆறே பாதை, தவறவிட முடியாது. அங்கிருந்து தெற்கே, குரோடன் டவர் என்ற பாறைக்கூட்டம் நிற்கும் தெற்கு விளிம்பு வரை, ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர். முழு நாளின் சாரமும் இந்த ஒன்றரை கிலோமீட்டர்தான். முன்பு பெனைன் வே பாதையே மேட்டுநிலத்தின் குறுக்காகத்தான் போனது. பீட் மிதிபட்டுச் சிதைந்ததால் அதை ஜேக்கப்ஸ் லேடர் வழியாக மாற்றினார்கள். ஆகவே நடுவில் நம்பத்தகுந்த பாதை எதுவும் இல்லை.

கிண்டர் கேட்ஸில் நின்று, காம்பஸை மேப்பின் மேல் வைத்துத் திசையை எடுங்கள். நேராகக் குரோடன் டவருக்கே குறி வைக்காதீர்கள். வேண்டுமென்றே கொஞ்சம் கிழக்கே தள்ளிக் குறி வையுங்கள். அப்போது விளிம்புக்கு வந்து சேர்ந்ததும் பாறை வலப்பக்கம் இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரியும். நேராகக் குறி வைத்துச் சில டிகிரி பிசகினால், விளிம்பில் நின்றுகொண்டு வலமா இடமா என்று விவாதிக்க வேண்டியிருக்கும். அப்புறம், ஒருவரை முப்பது நாற்பது அடி முன்னால் அனுப்பி, பின்னால் இருப்பவர் காம்பஸைப் பார்த்து 'கொஞ்சம் இடது, நில்' என்று சொல்லி, அவர் நின்ற இடத்துக்குப் போய்ச் சேர்ந்து மறுபடி அனுப்ப வேண்டும். வெண்மூட்டத்தில், அதாவது வானமும் தரையும் ஒரே வெள்ளையாகி அடிவானமே காணாமல் போகும்போது, கண்ணுக்குக் குறிவைக்க முன்னால் ஒரு ஆள் இருப்பதுதான் ஒரே வழி. வாய்க்கால் வந்தால் அதைச் சுற்றிப் போக ஆசை வரும். ஒவ்வொரு சுற்றும் உங்களைத் திசையிலிருந்து நகர்த்தும். முடிந்தவரை இறங்கி ஏறிக் கடந்துவிடுங்கள், ஆழம் தெரியாதபோது முதலில் தடியை ஊன்றிப் பாருங்கள்.

தூரத்துக்கு அடிகளை எண்ணுங்கள். இடது கால் படுவதை மட்டும் எண்ணினால், சமதளத்தில் நூறு மீட்டருக்குப் பெரும்பாலானவர்களுக்கு 60, 65 வரும். முழங்கால் பனியில் அது 80, 90 ஆகும். முன்னதாகவே பூங்காவில் எண்ணிப் பழகிக்கொள்ளுங்கள்.

இன்னொரு துணை உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது: தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது. கிண்டர் கேட்ஸ் பக்கத்து வாய்க்கால்கள் எல்லாம் கிண்டர் ஆற்றுக்கு வந்து, மெர்சி ஆறு வழியாக மேற்கே ஐரிஷ் கடலுக்குப் போகின்றன. குரோடன் பக்கத்து வாய்க்கால்கள் தெற்கே இறங்கி, நோ, டெர்வெண்ட், டிரெண்ட் ஆறுகள் வழியாகக் கிழக்கே வட கடலில் சேர்கின்றன. இங்கிலாந்தின் நீர்பிரிமேட்டை இந்த ஒன்றரை கிலோமீட்டரில் நீங்கள் கடக்கிறீர்கள். பனிக்கு அடியில் நீர் சலசலப்பது கேட்டால் நின்று, வாய்க்காலின் சரிவு எந்தப் பக்கம் என்று பாருங்கள். தெற்கே இறங்க ஆரம்பித்துவிட்டதென்றால் பாதிக்கு மேல் தாண்டிவிட்டீர்கள்.

வழியில் சில வாய்க்கால்களின் குறுக்கே கல்லாலும் மரத்தாலும் சின்ன அணைகள் தட்டுப்படும். அவை ஏன் என்று தெரிந்துகொள்வது நல்லது. ஈரத்தைப் பிடித்து வைத்து பீட்டை உருவாக்குவதே ஸ்பாக்னம் என்ற பாசிதான், தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைக் குடித்து நிற்கக்கூடியது. மான்செஸ்டர் ஆலைகளின் நிலக்கரிப் புகை மேற்குக் காற்றில் நூற்றாண்டுக்கும் மேலாக இங்கே வந்து படிந்து, அதிலிருந்த கந்தக அமிலம் அந்தப் பாசியைக் கொன்றது. காட்டுத்தீயும் மிதமிஞ்சிய ஆட்டு மேய்ச்சலும் சேர்ந்துகொண்டன. தோல் உரிந்த மாதிரி கருப்பு மண் வெளியே தெரிந்து அரிக்க ஆரம்பித்தது. 1982இல் பாரம்பரிய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு கிண்டரை வாங்கியது. 2003இல் மூர்ஸ் ஃபார் த ஃபியூச்சர் என்ற கூட்டமைப்பு இந்த வட்டாரத்தில் வேலையைத் தொடங்கியது. ஹெலிகாப்டரில் கல்லைக் கொண்டுவந்து வாய்க்கால்களை அடைத்தார்கள், வெற்று மண்ணில் சுண்ணாம்பும் விதையும் தூவினார்கள், பாசியைக் கைகளால் நட்டார்கள். நீர் தேங்கத் தொடங்கியதும் பச்சை திரும்பி வருகிறது. இவ்வளவு பொறுமையான வேலையைப் பார்க்கும்போது மனசு நிறைகிறது. உங்களுக்கு அதில் நடைமுறைச் செய்தியும் உண்டு: ஒவ்வொரு அணைக்கு மேற்புறமும் ஒரு குட்டை இருக்கும், பனி அதை மூடியிருக்கும். அணையைக் கண்டால் கீழ்ப்புறமாகக் கடங்கள்.

முயல்களையும் கவனியுங்கள். குளிர்காலத்தில் முழு வெள்ளையாக மாறும் மலை முயல், இங்கிலாந்தில் இந்தப் பக்கத்து மேட்டுநிலங்களில்தான் இயற்கைச் சூழலில் திரிகிறது. 19ஆம் நூற்றாண்டில் வேட்டைக்காக ஸ்காட்லாந்திலிருந்து கொண்டுவந்து விட்டவற்றின் வழித்தோன்றல்கள். பனி இருக்கும்போது காலடித் தடம்தான் தெரியும். பனி கரைந்த வாரத்தில் வந்தால் கருப்பு பீட் மேல் வெள்ளையாக உட்கார்ந்திருப்பதை வெகுதூரத்திலிருந்தே பார்க்கலாம். காலடியிலிருந்து சடசடவென்று கத்திக்கொண்டு ஒரு பறவை எழும்பினால் பயப்படாதீர்கள், அது சிவப்பு க்ரௌஸ்.

தெற்கு விளிம்பை அடைந்துவிட்டால் கவலை பெரும்பாலும் தீர்ந்தது. அங்கே தெளிவான பாதை ஓடுகிறது. நேரம் இருந்தால் மேற்கே கொஞ்ச தூரம் போய் வூல்பேக்ஸ் பாறைகளைப் பாருங்கள், காற்று செதுக்கிய உருண்டைகள், பனி ஒட்டிய நிலையில் ஒவ்வொன்றும் வேறு வேறு உருவம். நேரம் இல்லையென்றால் கிழக்கே திரும்புங்கள். இறங்குவதற்குப் பலரும் கிரைண்ட்ஸ்புரூக் ஓடை வழியைச் சொல்வார்கள். கோடையில் அழகான வழி. பனியில் அதன் தலைப்பகுதி பாறாங்கற்களும் அவற்றின் மேல் உறைந்த நீருமாக இருக்கும், களைத்த கால்களோடு மாலை வெளிச்சத்தில் அங்கே இறங்க வேண்டாம். அதற்குப் பதில் கிரைண்ட்ஸ்லோ நோல் என்ற குன்றின் தோளோடு இறங்குங்கள். சரிவு செங்குத்துதான், ஆனால் புல்தரை, வழியெல்லாம் ஈடேல் கண்ணெதிரே தெரியும்.

உடை, சாமான் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் வேண்டவே வேண்டாம், நனைந்தால் காயாது. உடம்பை ஒட்டிக் கம்பளி அல்லது செயற்கை இழை, மேலே ஃபிளீஸ், எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் நீரும் புகாத ஜாக்கெட், அதே மாதிரி கால்சட்டை. கணுக்காலை மூடும் பூட்ஸ், பனி உள்ளே போகாமல் இருக்க, பூட்ஸுக்கு மேல் காலைச் சுற்றி மாட்டும் கெய்ட்டர் உறை. கையுறை இரண்டு ஜோடி. ஆளுக்கொரு ஹெட் டார்ச், ஒன்றைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். 1:25,000 அளவிலான ஆர்ட்னன்ஸ் சர்வே டார்க் பீக் மேப், காம்பஸ், விசில். போனில் மேப்பை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், நல்லதுதான். ஆனால் குளிரில் பேட்டரி திடீரென்று விழும், கையுறையோடு திரை வேலை செய்யாது. போனை உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வையுங்கள். நான்கு பேருக்குச் சேர்த்து ஒரு அவசரக் கூடாரத் துணி வாங்குங்கள். கம்பமே இல்லாத நைலான் பைதான், தலைக்கு மேல் இழுத்து உள்ளே உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் கதகதப்பாகிவிடும். நான் எந்தக் குளிர்கால நடையிலும் அதை வீட்டில் விட்டுப் போவதில்லை.

புளிசாதம், தயிர்சாதம் டப்பா கட்டிக்கொண்டு போகும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். சாப்பிடக் கையுறையைக் கழற்ற வேண்டும், பத்து நிமிடத்தில் விரல் மரத்துவிடும், அப்புறம் காம்பஸைப் பிடிக்கக்கூட முடியாது. சப்பாத்திச் சுருள், கடலை மிட்டாய், பேரீச்சை மாதிரி கையுறையோடு எடுத்து நடந்துகொண்டே கடிக்கக்கூடியவை நல்லது. பிளாஸ்க்கில் சர்க்கரை தூக்கலாக டீ.

உடம்பு குளிர்ந்துபோவதின் முதல் அறிகுறியைக் குளிர்ந்துபோனவரால் கண்டுபிடிக்க முடியாது, பக்கத்தில் இருப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். கலகலப்பாகப் பேசிக்கொண்டிருந்தவர் பேசாமல் போவது, பின்தங்குவது, ஜிப் போட முடியாமல் தடுமாறுவது, நாக்கு குழறுவது. பார்த்த உடனே நிறுத்துங்கள். கூடாரத் துணிக்குள் உட்காரவைத்து, கீழே பையைப் போட்டு, ஈர உடையின் மேலாவது இன்னொரு அடுக்கு போர்த்தி, இனிப்பும் சூடான டீயும் கொடுங்கள். கை காலைத் தேய்க்காதீர்கள். மது கூடவே கூடாது. 'கொஞ்ச தூரம்தான், நடந்துவிடலாம்' என்று அவர் சொல்வதைக் கேட்காதீர்கள்.

உதவி தேவையென்றால் 999 அழைத்து, முதலில் போலீஸ் கேளுங்கள், பிறகு மவுண்டன் ரெஸ்க்யூ என்று சொல்லுங்கள். சிக்னல் பல இடங்களில் பேச முடியாத அளவுக்கு இருக்கும், குறுஞ்செய்தி மட்டும் போகும். அதற்கு 'ரெஜிஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை 999க்கு முன்கூட்டியே குறுஞ்செய்தியாக அனுப்பிப் பதிந்துகொள்ள வேண்டும், இன்றைக்கே செய்துவிடுங்கள். சிக்னலே இல்லையென்றால் நிமிடத்துக்கு ஆறு முறை விசில், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. மீட்புக்கு வருபவர்கள் எல்லாரும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். 1964 மார்ச்சில் இந்த வட்டாரத்தில் நடந்த ஒரு நெடுநடைப் போட்டியில் மோசமான வானிலையில் மூன்று இளம் சாரணர்கள் இறந்துபோனார்கள். அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் பீக் டிஸ்ட்ரிக்ட்டின் மீட்புக் குழுக்கள் ஓர் அமைப்பாக ஒன்றுசேர்ந்தன. நடக்கத் தெரிந்த, உடல் வலுவான இளைஞர்கள்தான் அவர்களும்.

மேகம் என்ன செய்யும் என்பதற்குப் பக்கத்து மேட்டுநிலமான பிளீக்லோவில் இன்றும் சாட்சி கிடக்கிறது. 1948 நவம்பர் 3 அன்று அமெரிக்க விமானப் படையின் பி-29 விமானம் ஒன்று, இங்கிலாந்துக்குள்ளேயே ஒரு குறுகிய பயணத்தில், மேகத்துக்குள் தாழப் பறந்து மோதியது. 13 பேரும் இறந்தார்கள். உடைந்த பாகங்கள் இப்போதும் பீட் மேல் சிதறிக் கிடக்கின்றன. அங்கே போனால் எதையும் தொடாதீர்கள், எடுக்காதீர்கள்.

கடைசியாக, நால்வரில் ஒருவருக்கும் காம்பஸ் பழக்கம் இல்லை என்று கேள்வியில் எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் முதல் நடையில் குறுக்கே கடக்க வேண்டாம். ஜேக்கப்ஸ் லேடர், கிண்டர் லோ, டவுன்ஃபால் போய் வந்த வழியே திரும்புங்கள். அதுவே ஏறக்குறைய 17 கிலோமீட்டர், நாள் நிறைந்துவிடும். மார்ச் கடைசியில் பனி இல்லாத, பகல் நீண்ட, தெளிவான ஒரு நாளில் கிண்டர் கேட்ஸ் முதல் குரோடன் டவர் வரை காம்பஸ் வைத்துக் கடந்து பழகுங்கள். வழி தவறினாலும் எங்கே தவறினோம் என்று கண்ணால் பார்த்துத் திருத்திக்கொள்ள முடியும். பல்கலைக்கழக மலையேற்றச் சங்கங்களில் குளிர்காலத் திசையறிதலை ஒரு நாள் பயிற்சியாகச் சொல்லித் தருவதுண்டு, கெய்ட்டரும் மைக்ரோஸ்பைக்கும் அங்கேயே இரவலுக்குக் கிடைக்கலாம், விசாரித்துப் பாருங்கள். வரும் டிசம்பருக்குள் நால்வரில் இருவருக்காவது அது கைவந்துவிட்டால், அடுத்த ஜனவரியில் உறைபனி இறுகிய நாளாகப் பார்த்து அந்த ஒன்றரை கிலோமீட்டரைக் கடந்துவிட்டு வாருங்கள்.